வழியில் தொலையும் அழுத்தம்

கணினியில் ஓவியம் தீட்டுவோர் கையாளும் வரைபலகை, பார்வைக்குச் சுட்டெலியின் வேலையைப் பேனா வடிவில் செய்யும் கருவியாகத் தோன்றினாலும், அது கணினிக்குச் சொல்லும் செய்தி சுட்டெலி சொல்வதைவிடப் பலமடங்கு செறிவானது. சுட்டெலி தான் எவ்வளவு நகர்ந்தது, அதன் பொத்தான் அழுந்தியிருக்கிறதா இல்லையா என்பவற்றையே தெரிவிக்கிறது; வரைபலகையோ பேனாவின் முனை பலகையின் எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு அழுத்தத்துடன் ஊன்றப்பட்டிருக்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, பலகையைத் தொடாமல் அதன்மேல் மிதக்கிறதா, கீழ்நோக்கி இருப்பது எழுதும் முனையா அழிக்கும் முனையா என்பவற்றையெல்லாம் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை தெரிவிக்கிறது. ஃபோட்டோஷாப், கிரிட்டா போன்ற ஓவிய மென்பொருள்கள் இந்த அழுத்த மதிப்பைக் கொண்டே தூரிகையின் தடிமனையும், நிறத்தின் அடர்த்தியையும், ஒரு நிறம் இன்னொன்றோடு கலக்கும் அளவையும் முடிவு செய்கின்றன. ஓவியரின் மேசைமேல் இருக்கும் கணினியில் இது சிக்கலின்றி நடக்கிறது. அதே வரைபலகையை வீட்டுக் கணினியில் செருகி, வேறொரு நகரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியை ரிமோட் டெஸ்க்டாப் எனப்படும் தொலைநிலைத் திரை வழியாக இயக்கினால், தொலைவிலுள்ள திரை தெரிகிறது, பேனா போகும் இடமெல்லாம் அம்புக்குறியும் போகிறது, கோடும் விழுகிறது. ஆனால் மெலிதாகத் தொடங்கித் தடித்து மீண்டும் மெலிய வேண்டிய அந்தக் கோடு, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனுள்ள கம்பியாக விழுகிறது.

இந்தக் குறை நெடுங்காலம் சிலருடைய தொல்லையாக மட்டுமே இருந்தது. 2020இல் கோவிட் பெருந்தொற்று பரவியபோது, அசைவூட்டப் படங்களையும் விஷுவல் எஃபெக்ட்ஸ் எனப்படும் காட்சி விளைவுகளையும் உருவாக்கும் நிறுவனங்கள் உலகெங்கும் தம் ஓவியர்களை வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. வரைபலகையை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடிந்தது. படத்தின் கோப்புகளைக் கொடுத்தனுப்ப முடியவில்லை. வெளியாகாத திரைப்படத்தின் ஒரு சட்டகம்கூட நிறுவனத்தின் வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று ஒப்பந்தங்கள் கட்டுப்படுத்துவது ஒரு காரணம். கோப்புகளின் பருமனும் அவற்றைத் திறப்பதற்கு வேண்டிய கணினிகளின் ஆற்றலும் இன்னொரு காரணம். ஆகவே கணினி நிறுவனத்திலேயே இருக்க, ஓவியரின் கையும் கண்ணும் மட்டும் பல கிலோமீட்டர் தள்ளியிருந்து வேலை செய்யும் ஏற்பாடு வழக்கமாயிற்று. பின்னணிக் காட்சிகளைத் தீட்டுவோர், முப்பரிமாண உருவங்களின் மேற்பரப்புக்கு நிறமிடுவோர், படச்சட்டகங்களிலிருந்து கம்பிகளையும் தாங்கிகளையும் வண்ணம் பூசி மறைப்போர் ஆகிய எல்லோருக்கும் பேனாவின் அழுத்தம் அலங்காரமன்று, தொழிலின் அடிப்படை. அது வழியில் எங்கே தொலைகிறது என்பதை அறிய, முதலில் அது எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் 1983இல் நிறுவப்பட்ட வாக்கம் நிறுவனத்தின் வரைபலகைப் பேனாக்களில் மின்கலம் கிடையாது. அவை மின்காந்த ஒத்ததிர்வு என்னும் முறையில் இயங்குகின்றன. பலகையின் பரப்புக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிச்சுருள்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவை ஒரு கணம் உயர் அதிர்வெண் கொண்ட காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. பேனாவுக்குள் இருக்கும் சிறு சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்று அந்த ஆற்றலை வாங்கி அதிர்கிறது. அடுத்த கணம் பலகை தன் அலைபரப்பை நிறுத்திவிட்டு, பேனாவிலிருந்து திரும்பிவரும் மெல்லிய அதிர்வைக் கேட்கிறது. எந்தக் கம்பியில் அதிர்வு வலுவாக விழுகிறது, அதன் அண்டைக் கம்பிகளில் எவ்வளவு குறைவாக விழுகிறது என்பதை ஒப்பிட்டுக் கணக்கிடுவதால், கம்பிகளுக்கிடையே உள்ள இடைவெளியைவிடப் பன்மடங்கு நுட்பமாகப் பேனாவின் இடம் தெரிந்துவிடுகிறது. பேனாவின் முனை அழுந்தும்போது உள்ளே இருக்கும் சுற்றின் மின்பண்பு சற்றே மாறுகிறது. அதனால் அது திருப்பி அனுப்பும் அதிர்வும் மாறுகிறது. அந்த மாற்றமே அழுத்தமாக வாசிக்கப்படுகிறது. கை பேனாவைப் பலகையில் ஊன்றுவதற்கும் இளக்குவதற்கும் இடையே உள்ள தொடர்ச்சியான வேறுபாடு இவ்வாறு ஓர் எண்ணாகிறது. 2009இல் வெளிவந்த இன்டுவோஸ் 4 வரைபலகையில் அந்த எண் 2,048 படிகளைக் கொண்டிருந்தது. 2017இன் இன்டுவோஸ் புரோவில் 8,192 படிகள்.

இடத்தின் நுட்பமும் வியக்கத்தக்கது. அங்குலத்துக்கு 5,080 கோடுகள் என்ற பகுதிறனை மெட்ரிக் அளவில் சொன்னால் மில்லிமீட்டருக்கு 200 கோடுகள் ஆகும். இன்டுவோஸ் புரோவின் நடுத்தர அளவுப் பலகையில் பேனா செயல்படும் பரப்பு 224 மி.மீ. நீளமும் 148 மி.மீ. அகலமும் கொண்டது என்பதால், அந்தப் பலகை நீளவாக்கில் 44,800 புள்ளிகளையும் அகலவாக்கில் 29,600 புள்ளிகளையும் பிரித்தறிகிறது. அந்த நீளத்தை 1,920 பிக்சல் கொண்ட திரையோடு பொருத்தினால், திரையின் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் பலகையின் 23 புள்ளிகள் அடங்குகின்றன. பிக்சலைவிடச் சிறிய இந்த இடமாற்றங்கள் கண்ணுக்குத் தெரியாதவை என்றாலும், மெதுவாக இழுக்கும் வளைகோடு நடுங்காமல் வழவழப்பாக விழுவது அவற்றால்தான்.

இவ்வளவும் யூ.எஸ்.பி. கம்பி வழியாகக் கணினிக்குள் நுழைந்தபின், டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள் அதை வாங்கி ஓவிய மென்பொருளிடம் சேர்ப்பிக்கிறது. விண்டோஸ் இயங்குதளத்தில் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. 1990களின் தொடக்கத்திலிருந்து இருந்துவரும் விண்டேப் என்பது ஒன்று. இதில் ஓவிய மென்பொருள் இயங்குதளத்தை நம்பியிராமல் வரைபலகையின் இயக்கியிடமே நேரடியாகக் கேட்டு மதிப்புகளைப் பெறுகிறது. மைக்ரோசாஃப்ட் பின்னர் வகுத்த விண்டோஸ் இங்க் என்பது மற்றொன்று. இதில் இயங்குதளமே பேனாவைத் தன் சொந்த உள்ளீடாக ஏற்று, அழுத்தத்தை 0 முதல் 1,024 வரையுள்ள அளவுகோலுக்கு மாற்றி, எல்லா மென்பொருள்களுக்கும் ஒரே வடிவில் வழங்குகிறது. இந்த இரட்டை வழி சாதாரண நாள்களில் ஓவியரின் கவனத்துக்கு வருவதில்லை. தொலைநிலை இணைப்பில் அதுவே பாதிக் குழப்பத்துக்குக் காரணமாகிறது.

தொலைநிலைத் திரை என்னும் கருத்து அலுவலக வேலைக்காகப் பிறந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த ஆய்வுக்கூடம் ஒன்று 1990களின் இறுதியில் வெளியிட்ட வி.என்.சி. என்ற முறையும், மைக்ரோசாஃப்ட் 1998இல் விண்டோஸ் என்.டி. 4.0இன் டெர்மினல் சர்வர் பதிப்போடு வெளியிட்ட ஆர்.டி.பி. என்ற முறையும், தட்டச்சுப் பலகையும் சுட்டெலியும்தான் மனிதர் கணினியோடு பேசும் வழிகள் என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்டவை. வி.என்.சி.யின் நெறிமுறையை, அதாவது இரு கணினிகளும் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான விதித்தொகுப்பை, விரித்துப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். அதில் சுட்டியின் நிலையைச் சொல்லும் செய்தி மொத்தம் 6 பைட் நீளம் கொண்டது: இது எவ்வகைச் செய்தி என்பதற்கு 1 பைட், எந்தெந்தப் பொத்தான்கள் அழுந்தியிருக்கின்றன என்பதற்கு 1 பைட், கிடைமட்ட இடத்துக்கு 2, செங்குத்து இடத்துக்கு 2. அழுத்தம் எழுதுவதற்கு அதில் இடமே இல்லை. வீட்டுக் கணினியில் இருக்கும் இணைப்பு மென்பொருள், வரைபலகையிலிருந்து எத்தனை செறிவான செய்தி வந்தாலும், அதைச் சுட்டெலியின் நகர்வாகச் சுருக்கி, பேனா பலகையைத் தொடுவதை இடப் பொத்தானின் அழுத்தமாக மாற்றி, மீதியைக் கைவிடுகிறது. தொலைவிலுள்ள ஓவிய மென்பொருளுக்குப் பேனா என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெரியாதபோது, ஒவ்வொரு தொடுகையையும் அது முழு அழுத்தமாகவே எடுத்துக்கொள்கிறது.

அழுத்தம் விடுபடுவது இணைய வேகத்தின் குறையால் என்று பலர் எண்ணுவதுண்டு. கணக்கு அதற்கு நேர்மாறாக இருக்கிறது. பேனாவின் ஒரு மாதிரிக்கு 10 பைட் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 200 மாதிரிகள் சேர்ந்து 2,000 பைட், அதாவது 16 கிலோபிட் மட்டுமே ஆகும். பழைய தொலைபேசி மோடம்கூட இதைச் சுமந்திருக்கும். எதிர்த்திசையில் வரும் திரைக்காட்சியைப் பாருங்கள்: 1,920க்கு 1,080 பிக்சல், பிக்சலுக்கு 24 பிட், நொடிக்கு 60 சட்டகம் என்று கணக்கிட்டால், சுருக்கப்படாத நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 3 கிகாபிட் ஆகிறது. அந்தப் பெருவெள்ளத்தைச் சுருக்கி அனுப்பத் தெரிந்த அமைப்புகள், அதன் ஓரத்தில் ஒரு நூலிழை அளவே உள்ள பேனாவின் செய்தியை விட்டுவிட்டன என்றால், அது கொள்ளளவின் குறை அன்று. அந்த நூலிழைக்கு நெறிமுறையை வகுத்தவர்கள் ஒரு பெயர் வைக்காமல் போனதன் விளைவே.

பேனாவின் அசைவைக் கம்பி வழியாகத் தொலைவுக்கு அனுப்பும் முயற்சி கணினியைவிட மூத்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் எலிஷா கிரே 1888இல் காப்புரிமை பெற்ற டெலாட்டோகிராஃப் என்ற கருவி, எழுதுபவரின் பேனாவினுடைய அசைவை இரு திசைக் கூறுகளாகப் பிரித்து மின்னோட்டங்களாக மாற்றி, மறுமுனையில் இன்னொரு பேனாவை அதே பாதையில் நகர்த்தியது. பேனா தாளிலிருந்து தூக்கப்படுவதும் பதிவதும்கூட மறுமுனைக்குச் சென்றன. வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் ரயில் நிலையங்களிலும் கையெழுத்துக் குறிப்புகளை அனுப்ப இது பயன்பட்டது. 1964இல் அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனம் உருவாக்கிய ரேண்ட் வரைபலகையும் 10 அங்குலச் சதுரப் பரப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைப் பிரித்தறிந்ததோடு, பேனா அழுந்தியிருக்கிறதா இல்லையா என்பதையே தெரிவித்தது. இடம், தொடுகை என்ற இரண்டும் கையெழுத்தை வாசிக்கப் போதுமானவை, ஓவியத்துக்குப் போதாதவை. வி.என்.சி.யின் 6 பைட்டுகள் கிரேயின் கருவி அனுப்பிய அதே செய்தியைத்தான் இன்னும் அனுப்புகின்றன.

இதற்கான தீர்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட ஒரு கேள்வி உதவும்: ஓவியரின் தீற்றல், அதாவது பேனாவை வைத்து இழுத்து எடுப்பதற்குள் பதியும் ஒரு தடம், இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் தீற்றலாகப் புரிந்துகொள்ளப்படுகிறது? அந்தக் கண்ணி எங்கே இருக்கிறதோ அதற்கேற்பத்தான் வழியில் கடத்தப்படும் பொருள் மாறுகிறது.

முதல் வகை, வரைபலகையையே தொலைவுக்குக் கடத்துவது. யூ.எஸ்.பி. கருவி ஒன்றுக்கும் கணினிக்கும் இடையே ஓடும் பேச்சைக் கம்பியிலிருந்து பிடுங்கி இணையப் பொதிகளாக அனுப்பினால், தொலைவிலுள்ள கணினி அந்தக் கருவி தன்னுடைய சொந்தத் துளையில் செருகப்பட்டிருப்பதாகவே நம்பும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் விளக்கிய யூ.எஸ்.பி./ஐ.பி. என்ற முறை இதைச் செய்கிறது. பின்னர் லினக்ஸின் மையநிரலில் அது சேர்க்கப்பட்டது. வணிக மென்பொருள்கள் பலவும் இதே கருத்தைப் பின்பற்றுகின்றன. வரைபலகையின் அசல் இயக்கியைத் தொலைவுக் கணினியிலேயே நிறுவிவிடலாம் என்பதால், 8,192 படிகளும், பிக்சலுக்குள் அடங்கும் நுட்பமும், சாய்வும், விண்டேப், விண்டோஸ் இங்க் ஆகிய இரு வழிகளும் சேதமின்றிக் கிடைக்கின்றன. ஒரே கட்டடத்துக்குள் இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது.

தொலைவு கூடும்போது இதன் உள்ளமைப்பே இதற்குப் பகையாகிறது. யூ.எஸ்.பி. முறையில் கருவி தானாகப் பேசுவதில்லை. கணினி கேட்க வேண்டும், கருவி பதில் சொல்ல வேண்டும். மேசைமேல் இருக்கும் கணினி இந்தக் கேள்வியைச் சில மில்லிநொடிகளுக்கு ஒருமுறை கேட்டுவிடுகிறது. கணினி தொலைவில் இருக்கும்போது, ஒரு கேள்வி போய்ப் பதில் வந்த பிறகே அடுத்த கேள்வி கேட்கப்படும் வகையில் இயக்கி எழுதப்பட்டிருந்தால், போய்வரும் நேரம் 40 மில்லிநொடியாக உள்ள இணைப்பில் நொடிக்கு 25 மாதிரிகள் மட்டுமே தேறும். நொடிக்கு 30 செ.மீ. வேகத்தில் இழுக்கப்படும் ஒரு தீற்றலில் அடுத்தடுத்த இரு மாதிரிகளுக்கு இடையே 1.2 செ.மீ. வெற்றிடம் விழும், அந்த வெற்றிடத்தை மென்பொருள் நேர்கோட்டால் இணைப்பதால், வட்டம் பல்கோணமாகிறது. இங்கே அழுத்தம் சரியாக வந்துசேர்ந்தும் வடிவம் சிதைகிறது. கேள்விகளைத் தொலைவுக் கணினியின் சார்பில் வீட்டுக் கணினியிலேயே இருந்து கேட்டு, பதில்களைத் திரட்டி அனுப்பும் முறையைச் சில வணிக அமைப்புகள் பின்பற்றுவது இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான்.

இரண்டாம் வகை, கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டு, பேனாவினுடைய ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு செய்தியாக எழுதி அனுப்புவது. ஆர்.டி.பி.யில் பின்னர் சேர்க்கப்பட்ட உள்ளீட்டு விரிவாக்கம் முதலில் விரல் தொடுகைக்கும், அதன்பின் பேனாவுக்கும் தனி வடிவங்களை வகுத்தது. பேனாவின் செய்தியில் இடத்தோடு அழுத்தம், சுழற்சி, இரு திசைச் சாய்வு ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தொலைவுக் கணினி இந்தச் செய்திகளைப் பெற்று, உண்மையில் இல்லாத ஒரு மாயப் பேனாவைத் தனக்குள் உருவாக்கி, அதன் வழியாக ஓவிய மென்பொருளுக்கு ஊட்டுகிறது. மேற்சொன்ன இரட்டை வழியின் குழப்பம் இங்கேதான் தலைகாட்டுகிறது. மாயப் பேனா இயங்குதளத்துக்குள் பிறப்பதால் அதன் அழுத்தம் விண்டோஸ் இங்க் வழியில் மட்டுமே வெளிப்படும். விண்டேப் வழியில் கேட்கும் மென்பொருளுக்குப் பதில் சொல்ல அங்கே வரைபலகையின் இயக்கி இல்லை. ஆகவே எல்லாம் சரியாக இணைந்த பிறகும் அழுத்தம் வரவில்லை என்றால், கிரிட்டாவின் வரைபலகை அமைப்புப் பக்கத்தில் விண்டேப்புக்குப் பதில் விண்டோஸ் இங்க்கைத் தேர்ந்தெடுப்பதே முதலில் செய்ய வேண்டியது. ஃபோட்டோஷாப்பில் முன்பு யாரேனும் அமைப்புக் கோப்பு எழுதி விண்டேப்புக்கு மாற்றியிருந்தால் அதை நீக்க வேண்டும்.

இந்த வகையில் 8,192 படிகள் 1,024 ஆகக் குறைகின்றனவே என்று ஓவியர்கள் கவலைப்படுவதைக் காண முடிகிறது. அது தேவையற்ற கவலை. 40 பிக்சல் அகலத் தூரிகையின் தடிமன் 1,024 படிகளில் மாறினாலே ஒவ்வொரு படியும் பிக்சலின் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். மனிதக் கையும் இவ்வளவு நுட்பமாகத் தன் அழுத்தத்தை நிலைநிறுத்த வல்லதன்று. விற்பனைப் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்படும் இந்த எண்ணைவிட, எங்கும் அச்சிடப்படாத இடநுட்பத்தின் இழப்புதான் பெரிய சேதம். நிகழ்வுச் செய்திகள் பேனாவின் இடத்தை முழுப் பிக்சல்களாகத் திருத்தி அனுப்பும்போது, பலகை கண்ட 23 புள்ளிகளும் ஒரே புள்ளியாகின்றன. மெதுவாக இழுக்கும் சாய்கோட்டில் படிக்கட்டு போன்ற நடுக்கம் தோன்றுகிறது. வீட்டுத் திரையின் பிக்சல் எண்ணிக்கை தொலைவுத் திரையினதைவிடக் குறைவாக இருந்தால் நடுக்கம் இன்னும் கூடும். தொலைநிலை அமர்வைத் திரையின் முழுப் பகுதிறனிலும், சுருக்கவோ விரிக்கவோ செய்யாமல், திறப்பது இதற்கு ஓரளவு மருந்தாகும்.

இதே நிகழ்வுக் கடத்தலை நெடுங்காலத்துக்கு முன்பே சரியாகச் சிந்தித்த அமைப்பு ஒன்றும் உண்டு. 1984இல் எம்.ஐ.டி.யில் தொடங்கப்பட்ட எக்ஸ் சாளர முறையில், திரையையும் உள்ளீட்டுக் கருவிகளையும் ஆளும் நிரல் பயனரின் மேசையிலும், வேலை செய்யும் நிரல் தொலைவிலும் இருக்கலாம். அதற்குச் சேர்க்கப்பட்ட உள்ளீட்டு விரிவாக்கம், ஒரு கருவிக்கு எத்தனை அச்சுகள் இருந்தாலும் அத்தனை மதிப்புகளையும் வலைப்பின்னல் வழியே கொண்டுசெல்லும். அழுத்தம் அவற்றுள் ஓர் அச்சு. ஆனால் ஓவிய மென்பொருள் தீட்டும் ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் படமாகச் சுருக்காமல் அனுப்ப வேண்டியிருப்பதால், உள்ளூர் வலைப்பின்னலுக்கு வெளியே இந்த முறை மூச்சுத்திணறுகிறது.

அழுத்தமும் இடமும் குறையின்றிச் சேர்ந்தாலும் காலம் என்றொரு தடை எஞ்சியிருக்கிறது. கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்கிறது. திரைப்படத் தொழிலின் இரு மையங்களான லாஸ் ஏஞ்சல்ஸ், வான்கூவர் ஆகியவற்றுக்கு இடையே நேர்வழித் தொலைவு ஏறத்தாழ 1,700 கி.மீ. என்பதால், செய்தி போய்வர ஒளிக்கே 17 மில்லிநொடி தேவை. லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் லண்டனுக்கும் இடையே அது 90 மில்லிநொடியை நெருங்குகிறது. எந்தப் பொறியியலாலும் குறைக்க முடியாத இந்த அடித்தளத்தின்மேல், இழை செல்லும் வளைந்த பாதையும், வழியிலுள்ள திசைவிகளும், வரைபலகை மாதிரி எடுக்கும் 5 மில்லிநொடியும், தொலைவு மென்பொருள் ஒரு சட்டகத்தைத் தீட்டும் நேரமும், அதைச் சுருக்கி விரிக்கும் நேரமும், திரை புதுப்பிக்கும் 16.7 மில்லிநொடியும் சேர்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ், வான்கூவர் இடையிலான இணைப்பில் மொத்தம் 85 மில்லிநொடி என்று கொண்டால், நொடிக்கு 30 செ.மீ. வேகத்தில் செல்லும் பேனாவுக்குப் பின்னால் மை இரண்டரை செ.மீ. தள்ளி வந்துகொண்டிருக்கும்.

மனிதர் இதில் எவ்வளவைப் பொறுப்பார் என்பது ஆராயப்பட்டிருக்கிறது. திரையில் ஒரு பொருளை விரலால் இழுக்கும்போது சில மில்லிநொடித் தாமதத்தைக்கூட மக்கள் உணர்ந்துவிடுகிறார்கள் என்று முந்தைய ஆய்வுகள் காட்டியிருந்தன; எழுதும்போதும் வரையும்போதும் ஏறத்தாழ 50 மில்லிநொடி வரை உணர்வதில்லை என்று 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. வரைபவரின் கவனம் மை விழும் நுனியில் மட்டும் நில்லாமல் உருவாகும் வடிவத்தின்மேல் பரவியிருப்பது இதற்குக் காரணமாகலாம். திரையே பலகையாக அமைந்த கருவியில் பேனாவின் நுனியும் பின்தங்கும் மையும் ஒரே இடத்தில் கண்ணில் படுவதால் தாமதம் உறுத்துகிறது. திரையற்ற பலகையில் கை மேசைமேலும் கண் திரைமேலும் இருப்பதால் அதே தாமதம் குறைவாகவே உறுத்தும். தொலைநிலை வேலைக்கு விலை குறைந்த திரையற்ற பலகை பெரும்பாலும் மேலானது என்பதற்கு இது போதிய காரணம்.

மாறாத தாமதத்துக்குக் கை நாளடைவில் பழகிக்கொள்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்துக்கு அது பழகுவதில்லை. அதோடு, ஒழுங்கற்ற தாமதம் ஓவியரின் உணர்வை மட்டுமல்லாமல் கோட்டையே கெடுக்கிறது. டி.சி.பி. என்ற வழக்கமான கடத்தல் முறையில் ஒரு பொதி தொலைந்தால், அது மீண்டும் வந்துசேரும்வரை பின்னால் வந்த பொதிகள் எல்லாம் வாசலில் காத்திருக்கும். பின்னர் ஒரே கணத்தில் கொட்டப்படும். கையின் வேகத்துக்கேற்ப மாறும் தூரிகையும், நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதியும், மாதிரிகள் வந்துசேர்ந்த நேரத்தை வைத்தே வேகத்தைக் கணக்கிட்டால், நின்றுநின்று பாய்ந்த ஒரு கையையே அவை காணும். ஒவ்வொரு மாதிரியும் தான் எடுக்கப்பட்ட நேரத்தைத் தன்னோடு சுமந்துசெல்வதே இதற்குச் சரியான மாற்று, ஆர்.டி.பி.யின் உள்ளீட்டு விரிவாக்கத்தில் மாதிரிகளின் ஒரு தொகுதிக்கும் முந்தையதற்கும் இடைப்பட்ட நேரம் மைக்ரோநொடிகளில் எழுதப்படுவது அந்த வகையில் பாராட்டத்தக்க வடிவமைப்பு. தொலைந்த பொதிக்காக நிற்காத யு.டி.பி. முறையைப் படக் கடத்தலுக்குப் பயன்படுத்தும் அமைப்புகளில் திரையின் திக்கலும் குறைகிறது.

திரும்பிவரும் படத்திலும் ஓர் இழப்பு உண்டு. காணொளிச் சுருக்க முறைகள் பெரும்பாலும் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளிர்வைத் தனியாகவும், நான்கு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே நிறத்தையும் அனுப்புகின்றன. திரைப்படம் பார்க்கும் கண்ணுக்கு இது தெரியாது, நீலத்தின்மேல் மெல்லிய சிவப்புக் கோடு இழுக்கும் ஓவியருக்குத் தெரியும். கோட்டின் நிறம் விளிம்பில் கசிந்து மங்குவதைக் கண்டு அவர் கூடுதலாக அழுத்துவார். நிறுவனத்தின் திரையில் அது திட்டமிட்டதைவிடக் கடுமையாகத் தெரியும். விண்டோஸ் 10 காலத்து ஆர்.டி.பி. ஒவ்வொரு பிக்சலுக்கும் முழு நிறம் அனுப்பும் வழியைச் சேர்த்தது, பி.சி.ஓ.ஐ.பி. என்ற இன்னொரு தொலைநிலைத் திரை முறை, அசைவு நின்றதும் படத்தைப் படிப்படியாகத் திருத்தி, இறுதியில் இழப்பே இல்லாத நிலைக்குக் கொண்டுவருகிறது. நிறத்தைப் பற்றி முடிவெடுப்போர் பேனாவைத் தூக்கி ஒரு கணம் காத்திருந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

மூன்றாம் வகை, படத்தைக் கடத்துவதையே கைவிட்டுத் தீற்றலைக் கடத்துவது. பலர் ஒரே சித்திரத்தில் இணைந்து தீட்டுவதற்காக எழுதப்பட்ட ட்ராபைல் என்ற திறந்த மூல மென்பொருளில், ஒவ்வொருவரின் கணினியிலும் சித்திரத்தின் முழு நகல் இருக்கிறது. ஒருவர் தீட்டும்போது, எந்தத் தூரிகை எந்த இடத்தில் எவ்வளவு தடிமனோடும் அடர்த்தியோடும் பட்டது என்னும் கட்டளைகள் மட்டும் சேவையகத்துக்குச் செல்கின்றன. சேவையகம் எல்லோருடைய கட்டளைகளையும் ஒரே வரிசையில் அடுக்கி எல்லோருக்கும் திருப்பி அனுப்புகிறது. ஒவ்வொரு கணினியும் அந்த வரிசையைத் தானே தீட்டிப் பார்த்து ஒரே சித்திரத்தை அடைகிறது. தீட்டுபவரின் கோடு சேவையகத்தின் பதிலுக்குக் காத்திராமல் அவருடைய திரையில் உடனே விழுகிறது. இடையில் இன்னொருவரின் தீற்றல் முந்திக்கொண்டதாகத் தெரியவந்தால், மென்பொருள் சற்றுப் பின்னோக்கிச் சென்று சரியான வரிசையில் மீண்டும் தீட்டிக்கொள்கிறது. அழுத்தம் வீட்டுக் கணினியிலேயே தடிமனாகவும் அடர்த்தியாகவும் மாறிவிடுவதால் அது வழியில் தொலைய இடமில்லை; கையின் தாமதமும் உள்ளூர்த் தாமதமே. தொலைநிலையில் தீட்டுவதற்கு இதைவிட நேர்மையான வடிவம் இல்லை என்றே கொள்ள வேண்டும். இதற்கான விலை, எல்லாக் கணினிகளிலும் ஒரே தூரிகை ஒரே பிக்சல்களை உருவாக்க வேண்டும் என்னும் கண்டிப்பு. மென்பொருளின் பதிப்புகள் பொருந்தாவிட்டால் இணைய முடியாது. ஆயிரக்கணக்கான தூரிகைகளோடும் கிகாபைட் அளவுக் கோப்புகளோடும் தம் வளாகத்தை விட்டு எதையும் வெளியே விடாத நிறுவனங்களுக்கு இது உதவாது.

அந்த நிறுவனங்களுக்கு எஞ்சியிருப்பது இடைப்பட்ட ஒரு வழி: தொலைவுப் படம் வந்துசேரும்வரை வீட்டுத் திரையிலேயே ஒரு தற்காலிக மைக்கோட்டை இழுத்துக் காட்டி, உண்மையான கோடு வந்ததும் அதை நீக்கிவிடுவது. ஆப்பிள் நிறுவனம் 2019இல் ஐபேடில் பேனாவின் தாமதத்தை 20 மில்லிநொடியிலிருந்து 9 மில்லிநொடியாகக் குறைத்ததாக அறிவித்தபோது, பேனா அடுத்து எங்கே போகும் என்று கணித்து மையை முன்கூட்டியே தீட்டும் நுட்பமும் அதில் அடங்கியிருந்தது. அதே கருத்தைத் தொலைவுக்கும் நீட்டலாம். எளிய கருமைக் கோட்டுக்கு இது நன்கு பொருந்தும், ஏனெனில் அதன் வடிவம் பேனாவின் அசைவையும் அழுத்தத்தையும் மட்டுமே சார்ந்தது. ஏற்கெனவே தீட்டியிருக்கும் ஈர நிறத்தை இழுத்துக் கலக்கும் தூரிகையின் விளைவு அடியில் இருக்கும் சித்திரத்தைச் சார்ந்தது; அந்தச் சித்திரத்தின் அடுக்குகளும் அசல் நிறமதிப்புகளும் வீட்டுக் கணினியில் இல்லை, சுருக்கப்பட்ட அதன் தோற்றம் மட்டுமே இருக்கிறது. இத்தகைய தூரிகைக்குத் தற்காலிகக் கோடு காட்ட முயன்றால், பொய்யான நிறம் தோன்றி மறைந்து ஓவியரின் கண்ணைக் குழப்பும். கலக்கும் தூரிகையைச் சார்ந்து வேலை செய்வோர் ஒவ்வொரு தீற்றலுக்கும் செய்தி போய்வரும் நேரம் முழுவதையும் பொறுத்தாக வேண்டியிருப்பதால், அவர்களுக்கென ஒதுக்கும் கணினியைத் தலைமை அலுவலகத்தில் வைக்காமல் அவர்கள் வாழும் நகரத்தின் தரவு மையத்தில் வைப்பதே இப்போதைக்குப் பலன் தரும் ஏற்பாடாக இருக்கிறது.